பிளக் பொருந்தினால் போதுமா? மின்சாதனத்தோடு நாடு மாறுகிறவர்களுக்கு

வெளிநாட்டுக்குக் கிளம்புகிறவர்கள் முதலில் விசாரிப்பது "அங்கே என்ன பிளக்?" என்பதைத்தான். விசாரிக்க வேண்டியதுதான், ஆனால் அது இரண்டாவது கேள்வி. முதல் கேள்வி, அந்த ஊர்ச் சுவரிலிருந்து வரும் மின்சாரம் என் சாதனத்துக்கு ஒத்துவருமா என்பது. பிளக் பொருந்தவில்லை என்றால் ஒரு ஆபத்தும் கிடையாது, சாதனம் ஓடாது, அவ்வளவுதான். பிளக் பொருந்தி மின்சாரம் பொருந்தாமல் போகும்போதுதான் காயில் (உள்ளே இருக்கும் கம்பிச்சுருள்) கருகும், புகை வரும், சில நேரம் தீயும் பிடிக்கும். நாம் வாங்கும் டிராவல் அடாப்டர் செய்யும் வேலை பிளக்கின் வடிவத்தை மாற்றுவது மட்டும்தான். 230 வோல்ட் உள்ளே போனால் 230 வோல்ட்தான் வெளியே வரும். இதைத் தெரியாமல் "அடாப்டர்தான் போட்டிருக்கிறேனே" என்ற தைரியத்தில் சாதனத்தைப் பறிகொடுத்தவர்கள் நிறைய, அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

சரி, ஒத்துவருமா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? சாதனத்தின் மேலேயே எழுதியிருக்கும்.

லேபிளைப் படிப்பது

மிக்ஸி என்றால் அடிப்பக்கம், அயர்ன் பாக்ஸ் என்றால் பின்பக்கம், சார்ஜர் என்றால் பிளக் கம்பிகள் நீட்டிக்கொண்டிருக்கும் முகத்திலேயே, பொடி எழுத்தில் ஒரு லேபிள் இருக்கும். போனில் போட்டோ எடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள். அதில் இன்புட் என்ற வரிதான் நமக்கு வேண்டியது. சார்ஜராக இருந்தால் பக்கத்திலேயே அவுட்புட் என்று இன்னொரு வரியும் இருக்கும், 5 வோல்ட், 20 வோல்ட் என்று சின்ன எண்ணாக. அது சார்ஜர் உங்கள் போனுக்கோ லேப்டாப்புக்கோ கொடுப்பது, சுவருக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. சில சாதனங்களில் இன்புட் என்ற சொல்லே இருக்காது, எண்கள் மட்டும் இருக்கும், அப்போது அந்த எண்களே இன்புட்.

அந்த வரியில் '100-240 வோல்ட், 50/60 ஹெர்ட்ஸ்' என்று இருந்தால் அந்தச் சாதனம் உலகத்தில் எந்த நாட்டுக்கு வேண்டுமானாலும் வரும், அடாப்டர் மட்டும் போதும். '220-240 வோல்ட், 50 ஹெர்ட்ஸ்' என்று இருந்தால் நிலைமை வேறு. இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். இதிலும் நடுவில் ஒரு கோடு இருக்கிறது, இரண்டு எண்கள் இருக்கின்றன, ஆகவே இதுவும் எல்லாவற்றையும் தாங்கும் என்று நினைத்துவிடுகிறார்கள். கீழ் எண் 100-இல் ஆரம்பிக்கிறதா 220-இல் ஆரம்பிக்கிறதா என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

மூன்றாவதாக ஒன்று உண்டு: '115/230' அல்லது '110/220' என்று சாய்கோடு போட்டிருக்கும். இது தானாக மாறிக்கொள்ளாது, சாதனத்தில் எங்கோ ஒரு சின்ன சுவிட்ச் இருக்கும், நாமே திருப்பி வைக்க வேண்டும். பயணத்துக்கென்று விற்கும் ஹேர் டிரையர்களில் பலவும், பழைய டெஸ்க்டாப் கம்ப்யூட்டரின் பின்னால் இருக்கும் பவர் சப்ளையும் இப்படித்தான். சுவிட்சைத் திருப்ப மறந்துவிட்டு பிளக்கைச் செருகினால், ஒற்றை வோல்டேஜ் சாதனத்துக்கு ஆகும் அதே கதிதான் இதற்கும்.

உலகம் இரண்டாகப் பிரிந்த கதை

வீட்டு மின்சாரம் என்று பார்த்தால் உலகம் ஏறக்குறைய இரண்டு கட்சி. ஐரோப்பா, இந்தியா, இலங்கை, வளைகுடா, சிங்கப்பூர், மலேசியா, சீனா, ஆஸ்திரேலியா, ஆப்பிரிக்காவின் பெரும்பகுதி எல்லாம் 220 முதல் 240 வரை. அமெரிக்கா, கனடா 120 வோல்ட், மெக்சிகோ 127, தைவான் 110, ஜப்பான் 100. பிரேசிலில் ஊருக்கு ஊர் மாறும், சில ஊர்களில் 127, சில ஊர்களில் 220, அங்கே போகிறவர்கள் நாட்டை அல்ல, ஊரைத்தான் விசாரிக்க வேண்டும்.

ஏன் இப்படி? ஆரம்ப காலத்தில் மின்விளக்குக்கு எது வசதியோ அதை வைத்து 100, 110 என்று தொடங்கினார்கள். எடிசன் 1882-இல் நியூயார்க்கில் பேர்ல் தெருவில் மின்நிலையம் தொடங்கியபோது அது 110 வோல்ட்டை ஒட்டியே இருந்தது, அதுவும் நேர்மின்சாரம். பின்னாடி ஐரோப்பாவில் 220-க்கு மாறினார்கள், காரணம் எளிது: வோல்டேஜை இரட்டிப்பாக்கினால் அதே அளவு மின்திறனைக் கொண்டுபோகப் பாதி கரன்ட் போதும், கரன்ட் பாதியானால் கம்பியில் வெப்பமாக வீணாவது கால் பங்காகக் குறையும். மெல்லிய கம்பி போதும், செம்பு மிச்சம். அமெரிக்காவில் அதற்குள் 110-க்கு ஏற்ற விளக்கும் சாதனமும் எக்கச்சக்கமாக வீடுகளுக்குள் போய்விட்டன, அதனால் அங்கே அப்படியே நின்றுவிட்டது.

ஒரே கட்சிக்குள் போகிறீர்கள் என்றால் வோல்டேஜைப் பற்றி அதிகம் யோசிக்க வேண்டியதில்லை. 220, 230, 240 எல்லாம் பெயரளவில்தான் வேறு, 230 வோல்ட் என்பதற்கே பல நாடுகளில் 10 சதவீதம் மேலும் கீழும் போக அனுமதி உண்டு, அதாவது 207 முதல் 253 வரை. இன்னொரு கட்சியில் மட்டும் ஒரு விதிவிலக்கு உண்டு: ஜப்பானில் வாங்கிய 100 வோல்ட் சாதனத்தை அமெரிக்காவில் 120-இல் போட்டால் வோல்டேஜ் 20 சதவீதம்தானே அதிகம் என்று தோன்றும், ஆனால் சூடாக்கும் சாதனத்தில் வெப்பம் 44 சதவீதம் ஏறிவிடும். எப்படி என்று கேட்டால், அதுதான் இந்தக் கட்டுரையிலேயே முக்கியமான கணக்கு.

சூடாக்கும் சாதனங்கள்

அயர்ன் பாக்ஸ், கெட்டில், ஹேர் டிரையர், ஹீட்டர், டோஸ்டர், இன்டக்ஷன் அல்லாத மின்அடுப்பு, இவற்றுக்குள் இருப்பது கரன்டை எதிர்க்கும் ஒரு காயில். வோல்டேஜ் இரட்டிப்பானால் காயில் வழியே போகும் கரன்டும் இரட்டிப்பாகும். மின்திறன் என்பது வோல்டேஜும் கரன்டும் பெருக்கியது, ஆகவே இரண்டும் இரட்டிப்பானால் திறன் நான்கு மடங்கு. இரண்டு மடங்கு அல்ல, நான்கு மடங்கு.

எண்ணாகப் பார்ப்போம். 120 வோல்ட்டுக்குச் செய்த 1200 வாட் ஹேர் டிரையரை 230 வோல்ட்டில் செருகினால் அது ஏறக்குறைய 4400 வாட் இழுக்கப் பார்க்கும். அந்தக் காயிலும் அந்தப் பிளாஸ்டிக் உடம்பும் அதைத் தாங்காது, சில நொடிகளில் சிவந்து, வாடை வந்து, ஒன்று காயில் அறுந்துவிடும் அல்லது உருகத் தொடங்கும். சூடு மிஞ்சினால் நிறுத்தும் ஒரு பாதுகாப்பு சுவிட்ச் பலவற்றுக்குள் இருக்கும், அது காப்பாற்றினால் அதிர்ஷ்டம், அதை நம்பி முயற்சி செய்யக்கூடாது.

எதிர்த்திசையில் போனால் ஆபத்து இல்லை, பயனும் இல்லை. 230 வோல்ட்டுக்கான 2000 வாட் கெட்டிலை 120-இல் போட்டால் கிடைப்பது சுமார் 545 வாட், ஜப்பானின் 100-இல் போட்டால் 380 வாட் கூட வராது. தண்ணீர் கொதிக்கும், ஆனால் நான்கு நிமிடத்தில் கொதிக்க வேண்டியது பதினைந்து நிமிடத்துக்கு மேல் இழுக்கும். அயர்ன் பாக்ஸ் வெதுவெதுப்பாகி நிற்கும், துணியில் சுருக்கம் போகாது.

ஒன்றை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்: குறைந்த வோல்டேஜ் நாட்டுச் சாதனம் அதிக வோல்டேஜ் நாட்டுக்குப் போவதுதான் ஆபத்தான திசை.

சார்ஜர் மட்டும் எப்படி எல்லா இடத்திலும் ஓடுகிறது

போன், லேப்டாப், கேமரா, டேப்லெட் சார்ஜர்கள் கிட்டத்தட்ட எல்லாமே இப்போது ஸ்விட்ச் மோடு பவர் சப்ளை வகை. சுவரிலிருந்து வரும் மாறுமின்சாரத்தை முதலில் நேர்மின்சாரமாக்கி, அப்புறம் அதை நொடிக்குப் பல்லாயிரம் முறை துண்டு துண்டாக வெட்டி, ஒரு சின்ன டிரான்ஸ்ஃபார்மர் வழியாக அனுப்புகிறது. வெளியே வரும் வோல்டேஜை அளந்துகொண்டே இருந்து வெட்டும் அளவைக் கூட்டிக் குறைத்துக்கொள்ளும். அதனால் 100 வந்தாலும் 240 வந்தாலும் போனுக்குப் போவது ஒன்றுதான். ஹெர்ட்ஸும் அதற்குப் பொருட்டே இல்லை.

இருந்தாலும் லேபிளைப் பார்க்காமல் எதையும் நம்ப வேண்டாம். எலெக்ட்ரிக் டூத் பிரஷின் சார்ஜர் ஸ்டாண்ட் சின்னதாக இருக்கிறதே, இதுவும் போன் சார்ஜர் மாதிரிதானே என்று தோன்றும், ஆனால் அவற்றில் பல ஒரே ஒரு வோல்டேஜுக்குச் செய்யப்பட்டவை. டிரிம்மர், மசாஜ் கருவி, குழந்தைகளின் பொம்மையோடு வரும் சார்ஜர் எல்லாமே அப்படி இருக்கலாம். கையில் தூக்கினால் அளவுக்கு மீறிக் கனமாக இருக்கும் பழைய சதுர சார்ஜர் என்றால் உள்ளே இரும்பு டிரான்ஸ்ஃபார்மர் இருக்கிறது என்று அர்த்தம், அது ஒற்றை வோல்டேஜாக இருக்கவே வாய்ப்பு அதிகம்.

லேப்டாப் சார்ஜரைப் பற்றி ஒரு சின்ன உபாயம். அதில் சுவருக்குப் போகும் கயிறு, அதாவது பவர் கார்டு, பெரும்பாலும் பெட்டியிலிருந்து கழன்று வரும். போகிற நாட்டில் அதே முனை கொண்ட உள்ளூர் கார்டு ஒன்று வாங்கி மாட்டிவிட்டால் அடாப்டரே தேவையில்லை, சுவரில் உறுதியாக நிற்கும். அங்கேயே தங்கப்போகிறவர்களுக்கு நான் இதைத்தான் சொல்வேன்.

ஹெர்ட்ஸ் என்ற மறந்துபோன எண்

மாறுமின்சாரம் ஒரு நொடிக்கு எத்தனை முறை திசை மாறித் திரும்புகிறது என்பதுதான் ஹெர்ட்ஸ். உலகத்தில் 50 அல்லது 60. பொதுவாக 230 நாடுகளில் 50, 120 நாடுகளில் 60, ஆனால் அப்படியே நம்பிவிட முடியாது. தென் கொரியா 220 வோல்ட், ஆனால் 60 ஹெர்ட்ஸ். பிலிப்பைன்ஸும் சவுதி அரேபியாவும் அப்படித்தான். ஜப்பான் இன்னும் விசேஷம், நாடு முழுக்க 100 வோல்ட், ஆனால் டோக்கியோ இருக்கும் கிழக்குப் பாதியில் 50 ஹெர்ட்ஸ், ஒசாகா இருக்கும் மேற்குப் பாதியில் 60. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் டோக்கியோ ஜெர்மனியிலிருந்தும் ஒசாகா அமெரிக்காவிலிருந்தும் ஜெனரேட்டர் வாங்கின, அந்தப் பிரிவு இன்றுவரை அப்படியே இருக்கிறது. 2011 நிலநடுக்கத்துக்குப் பிறகு கிழக்கில் மின்சாரம் பற்றாமல் போனபோது மேற்கிலிருந்து வேண்டிய அளவு அனுப்ப முடியாமல் திணறியதற்கு இதுவும் ஒரு காரணம்.

சார்ஜருக்கும் காயிலுக்கும் ஹெர்ட்ஸ் ஒரு பொருட்டில்லை. மோட்டாருக்குத்தான். அதிலும் இரண்டு வகை. மிக்ஸி, வேக்குவம் கிளீனர், கையில் பிடிக்கும் டிரில் போன்ற, கார்பன் பிரஷ் வைத்துச் சத்தமாகச் சுற்றும் மோட்டார்களுக்கு 50-ஓ 60-ஓ பெரிய வித்தியாசம் தெரியாது, வோல்டேஜ் சரியாக இருந்தால் ஓடிவிடும். சத்தமில்லாமல் சுற்றும் இன்டக்ஷன் மோட்டார்கள்தான், அதாவது பழைய வகை மின்விசிறி, ஃபிரிட்ஜ் கம்ப்ரஸர், பழைய வாஷிங் மெஷின், ஹெர்ட்ஸைப் பார்த்து வேகத்தை முடிவு செய்பவை. நாலு துருவ மோட்டாரின் காந்தப்புலம் 50 ஹெர்ட்ஸில் நிமிடத்துக்கு 1500 சுற்று, 60-இல் 1800, மோட்டார் அதற்கு ஒரு படி பின்தங்கி ஓடும்.

60 ஹெர்ட்ஸுக்குச் செய்த இன்டக்ஷன் மோட்டாரை அதே வோல்டேஜோடு 50-இல் ஓட்டினால் வேகம் குறைவதோடு இரும்பு உள்ளகத்தில் காந்தப்புலம் அளவு மீறிப் போகும், கரன்ட் கூடும், மோட்டார் சூடாகும். நாள் முழுக்க ஓடும் ஃபிரிட்ஜுக்கு இது மெல்ல மெல்லக் கொல்லும் நோய். எதிர்த்திசையில், 50-க்கான விசிறி 60-இல் 20 சதவீதம் வேகமாகச் சுற்றப் பார்க்கும், காற்றைத் தள்ளும் சுமை வேகத்தின் மும்மடியாக (1.2 × 1.2 × 1.2) ஏறுவதால் சுமை 70 சதவீதத்துக்கு மேல் கூடிவிடும். இப்போது வரும் பி.எல்.டி.சி (எலெக்ட்ரானிக் கட்டுப்பாட்டில் ஓடும் மோட்டார்) விசிறிகளும் இன்வெர்ட்டர் ஃபிரிட்ஜ்களும் உள்ளேயே மின்சாரத்தை மாற்றிக்கொள்வதால் ஹெர்ட்ஸைப் பற்றி அவ்வளவு கவலைப்படாது, ஆனால் வோல்டேஜ் வரம்பு லேபிளில் எழுதியதுதான்.

கடிகாரத்தையும் சொல்லிவிடுகிறேன். சுவர் மின்சாரத்தின் துடிப்பை எண்ணி நேரம் காட்டும் கடிகாரங்கள் இன்னும் பழைய அலாரம் ரேடியோக்களிலும் மின்அடுப்புகளிலும் இருக்கின்றன. 60-க்கான கடிகாரத்தை 50-இல் வைத்தால் ஒரு மணி நேரத்துக்குப் பத்து நிமிடம் பின்தங்கும். 2018-இல் ஜனவரி நடுவிலிருந்து மார்ச் தொடக்கம் வரை ஐரோப்பிய மின்தொகுப்பின் சராசரி 50-க்குப் பதிலாக 49.996 ஹெர்ட்ஸாக இறங்கியது, அந்த நூலிழை வித்தியாசத்துக்கே பல நாடுகளில் அடுப்புக் கடிகாரங்கள் ஏறக்குறைய ஆறு நிமிடம் தாமதமாகிவிட்டன.

டிரான்ஸ்ஃபார்மர் வாங்கலாமா

வோல்டேஜை மாற்ற உண்மையிலேயே ஒரு கருவி உண்டு, அதுதான் டிரான்ஸ்ஃபார்மர். 230-ஐ 115 ஆக்குவது ஸ்டெப்-டவுன், 115-ஐ 230 ஆக்குவது ஸ்டெப்-அப். உள்ளே இரும்பும் செம்புக் கம்பியும், அதனால் கனம். சாதனத்தின் வாட் எவ்வளவோ அதைவிடக் கொஞ்சம் அதிகத் திறன் உள்ளதாக வாங்க வேண்டும், மோட்டார் உள்ள சாதனம் என்றால் தொடங்கும் நொடியில் பல மடங்கு கரன்ட் இழுக்கும் என்பதால் இரண்டு மூன்று மடங்காவது பெரிதாக வேண்டும். 1000 வாட்டுக்கு மேல் போனால் பெட்டியே பல கிலோ வந்துவிடும், விமானத்தில் எடுத்துப் போக நினைப்பது வீண். சாதனம் ஓடாத நேரத்திலும் டிரான்ஸ்ஃபார்மர் கொஞ்சம் மின்சாரத்தை விழுங்கிச் சூடாகவே இருக்கும், வேலை முடிந்ததும் சுவரிலிருந்து கழற்றிவிடுங்கள். இன்னொன்று, டிரான்ஸ்ஃபார்மர் வோல்டேஜை மாற்றும், ஹெர்ட்ஸை மாற்றாது. முன்னால் சொன்ன மோட்டார், கடிகாரத் தொல்லைகள் அப்படியே இருக்கும்.

கடையில் கையடக்கமாக, இலகுவாக, "2000 வாட் வரை" என்று போட்டு ஒரு கன்வெர்ட்டர் விற்கும். இவ்வளவு லேசான பெட்டி 2000 வாட் தாங்குகிறதே என்று ஆசையாக இருக்கும். இந்த வகையில் பெரும்பாலானவை வோல்டேஜைக் குறைப்பதில்லை, மின்அலையின் ஒரு பகுதியை வெட்டி எறிந்து சராசரியைக் குறைக்கின்றன. காயிலுக்கு அது போதும், அதற்கு வெப்பக் கணக்குதான் தெரியும். எலெக்ட்ரானிக்ஸ் உள்ள எதையும் அதில் மாட்டக்கூடாது, வெட்டுப்பட்ட அலையும் குறையாத உச்சமும் சர்க்யூட்டைக் கெடுத்துவிடும். இன்றைய ஹேர் டிரையரிலும் அயர்ன் பாக்ஸிலும் கூட எலெக்ட்ரானிக் கட்டுப்பாடு வந்துவிட்டதால், இந்தக் கன்வெர்ட்டருக்குப் பொருத்தமான சாதனம் நாளுக்கு நாள் குறைந்துகொண்டே வருகிறது. என்னைக் கேட்டால் இதை வாங்கவே வேண்டாம்.

பெரிய ஸ்டெப்-அப் டிரான்ஸ்ஃபார்மர் வாங்கிவிட்டால் 2000 வாட் கெட்டிலை அமெரிக்காவில் ஓட்டலாம் என்று கணக்குப் போடுகிறவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். அங்கே சாதாரண சுவர் சாக்கெட்டுக்கு வரும் லைன் 15 ஆம்பியர். 120-ஐ 15-ஆல் பெருக்கினால் 1800 வாட், நீண்ட நேரம் ஓடும் சுமைக்கு அதில் 80 சதவீதம், அதாவது 1440-க்குள் இருப்பதுதான் முறை. 2000 வாட் இழுக்க 17 ஆம்பியர் வேண்டும், பிரேக்கர் விழுந்துவிடும். அங்கே விற்கும் கெட்டில்கள் 1500 வாட்டோடு நிற்பது இதனால்தான். ஜப்பானில் ஒரு சாக்கெட்டின் எல்லையே 1500 வாட்.

அமெரிக்க வீடுகளில் துணி உலர்த்தும் இயந்திரத்துக்கும் மின்அடுப்புக்கும் 240 வோல்ட் சாக்கெட் இருக்கும், அதில் நம் சாதனத்தைப் போடலாமே என்று சிலர் கேட்பார்கள். அது வேறு மாதிரி இணைப்பு: நியூட்ரலும் ஒரு ஃபேஸும் அல்ல, இரண்டு கம்பியிலுமே 120 வோல்ட் உயிரோடு இருக்கும். சாதனத்தின் சுவிட்ச் ஒரு கம்பியை மட்டும் துண்டிக்கும் வகை என்றால், அணைத்த பிறகும் உள்ளே மின்சாரம் நிற்கும். அதோடு அந்த லைனின் பிரேக்கர் 30, 40 ஆம்பியருக்கானது, உங்கள் மெல்லிய கார்டைக் காப்பாற்றாது. உரிமம் உள்ள எலெக்ட்ரீஷியன் இல்லாமல் அந்தப் பக்கம் போக வேண்டாம்.

இப்போது பிளக்

இப்போதுதான் எல்லோரும் முதலில் கேட்கும் கேள்விக்கு வருகிறோம். பிளக் வகைகளுக்கு ஆங்கில எழுத்துப் பெயர்கள் உண்டு, ஏ-யிலிருந்து ஓ வரை 15 வகை. எல்லாவற்றையும் தெரிந்துகொள்ளத் தேவையில்லை. அமெரிக்காவும் ஜப்பானும் இரண்டு தட்டைக் கம்பி உள்ள ஏ, எர்த் சேர்ந்தால் பி. ஐரோப்பாவில் இரண்டு உருண்டைக் கம்பி உள்ள சி, இ, எஃப். பிரிட்டன், சிங்கப்பூர், மலேசியா, ஹாங்காங், அமீரகத்தில் மூன்று செவ்வகக் கம்பி உள்ள ஜி, அதற்குள்ளேயே ஒரு ஃப்யூஸும் உண்டு. இந்தியாவில் மூன்று உருண்டைக் கம்பி உள்ள டி. ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் சாய்ந்த தட்டைக் கம்பி உள்ள ஐ. போகிற நாட்டின் பெயரைப் போட்டுத் தேடினால் ஒரு நொடியில் தெரிந்துவிடும்.

நான் கவலைப்படுவது வடிவத்தைப் பற்றி அல்ல, எர்த்தைப் பற்றி. அயர்ன் பாக்ஸ், உலோக உடம்புள்ள கெட்டில் போன்றவற்றில் மூன்றாவது கம்பி உயிர் காக்கும் கம்பி. உள்ளே ஏதாவது கழன்று உலோகத்தைத் தொட்டால், மின்சாரம் உங்கள் உடம்பு வழியாகப் போகாமல் எர்த் வழியாகப் போய் பிரேக்கரை விழ வைக்கும். பல மலிவான அடாப்டர்களில் மூன்று கம்பி நுழைய ஓட்டை இருக்கும், ஆனால் மறுபக்கம் இரண்டு கம்பிதான், எர்த் நடுவில் காணாமல் போய்விடும். போன் சார்ஜருக்கு அது பரவாயில்லை, சார்ஜரில் ஒரு சதுரத்துக்குள் இன்னொரு சதுரம் என்ற குறி இருந்தால் அது இரட்டைக் காப்பு உள்ளது, எர்த் தேவையில்லை. அந்தக் குறி இல்லாத, மூன்று கம்பி உள்ள சாதனத்தை இரண்டு கம்பி அடாப்டரில் மாட்டாதீர்கள்.

ஜி வகை சாக்கெட்டில் எர்த் கம்பி நுழைந்தால்தான் மற்ற இரண்டு துளைகளை மூடியிருக்கும் தடுப்பு திறக்கும். பேனாவையோ ஸ்க்ரூ டிரைவரையோ மேல் துளையில் குத்தித் தடுப்பைத் திறந்து இரண்டு கம்பி பிளக்கைச் செருகும் பழக்கம் பரவலாக இருக்கிறது, நன்றாகப் படித்தவர்களே செய்வதைப் பார்த்திருக்கிறேன். குழந்தைகளைக் காப்பாற்றவென்றே செய்த தடுப்பு அது. கம்பியும் உள்ளே சரியாகப் பிடிக்காது, தளர்வாக நின்று பொறி தட்டும். தயவுசெய்து செய்யாதீர்கள்.

எல்லா நாட்டுக்கும் ஒன்றே என்று விற்கும் யுனிவர்சல் அடாப்டரிலும் ஒரு எல்லை எழுதியிருக்கும். 6 ஆம்பியர் என்றால் 230-இல் 1380 வாட், அதே அடாப்டர் 100-இல் 600 வாட்தான். சார்ஜருக்கு அது தாராளம், கெட்டிலுக்குப் போதாது.

எக்ஸ்டென்ஷன் போர்டு விஷயத்தில் ஒரு எச்சரிக்கை

வீட்டிலிருந்து ஒரு எக்ஸ்டென்ஷன் போர்டும் ஒரே ஒரு அடாப்டரும் எடுத்துப் போனால் எல்லா சார்ஜரையும் அதில் போட்டுக்கொள்ளலாம், நல்ல யோசனைதான். ஆனால் சர்ஜ் பாதுகாப்பு உள்ள, 120 வோல்ட் நாட்டுப் போர்டை 230 நாட்டுக்குக் கொண்டுபோகாதீர்கள். அதற்குள் இருக்கும் பாதுகாப்புப் பாகம் 230-ஐப் பார்த்ததும் ஆபத்தான மின்எழுச்சி வந்துவிட்டதாக நினைத்து அதை விழுங்கப் பார்க்கும், இடைவிடாமல் வந்துகொண்டிருப்பதை எவ்வளவு நேரம்தான் விழுங்கும்? ஒரு விடுதி அறையில் இப்படி ஒரு போர்டு டப்பென்று சத்தம் போட்டுக் கருகியதை நேரில் பார்த்தவன் நான். அதில் மாட்டியிருந்த சார்ஜர்கள் எல்லாமே 100-240 தாங்குபவை, போர்டு தாங்கவில்லை. அன்றிலிருந்து போர்டின் லேபிளையும் படித்துவிட்டுத்தான் பெட்டிக்குள் வைக்கிறேன்.

பல்புக்கும் இதே கதை. அமெரிக்காவின் 26 மில்லிமீட்டர் திருகு பல்பும் ஐரோப்பாவின் 27 மில்லிமீட்டர் ஹோல்டரும் கிட்டத்தட்ட ஒன்றே, திருகினால் உள்ளே போய்விடும், போட்டவுடன் பட்டென்று போய்விடும். மேசை விளக்கு கொண்டுபோகிறவர்கள் பல்பை மட்டும் அங்கே வாங்கிக்கொள்ளலாம். விளக்கின் வயரும் சுவிட்சும் அந்த வோல்டேஜுக்கு ஏற்றவையா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

குடிபெயர்கிறவர்கள் எதை எடுக்கலாம்

பத்து நாள் பயணம் என்றால் சார்ஜர்களும் ஒரு அடாப்டரும் போதும், ஹேர் டிரையரும் அயர்ன் பாக்ஸும் தங்குமிடத்திலேயே இருக்கும். குளியலறையில் ஷேவருக்கென்று போட்டிருக்கும் சிறிய சாக்கெட்டில் ஹேர் டிரையரைப் போட வேண்டாம், அது சில பத்து வாட்டுக்கானது. குடிபெயர்வதுதான் வேறு கணக்கு.

கட்சி மாறுகிறீர்கள் என்றால், சூடாக்கும் எதையும், ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின், மைக்ரோவேவ் எதையும் எடுக்காதீர்கள். மைக்ரோவேவுக்குள் இருக்கும் பழைய வகை டிரான்ஸ்ஃபார்மர் வோல்டேஜ், ஹெர்ட்ஸ் இரண்டையும் பார்த்துச் செய்தது. டிரான்ஸ்ஃபார்மர் வாங்கி ஓட்டலாம் என்றால், அதன் விலையும் கனமும் இடமும் சேர்த்துப் பார்த்தால் அங்கேயே புதிது வாங்குவதுதான் பெரும்பாலும் லாபம். அங்கே கிடைக்காத, நீங்கள் தினமும் பயன்படுத்தும் ஒரு சாதனம், அது 500, 700 வாட்டுக்குள், பத்து நிமிடம் ஓடினால் போதும் என்றால், அதற்காக மட்டும் ஒரு நல்ல டிரான்ஸ்ஃபார்மர் வாங்குவதில் அர்த்தம் இருக்கிறது. மனசுக்கு நெருக்கமான பொருளை விட்டுப் போவது கஷ்டம்தான், அதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஒரே ஒரு பொருள் என்று முடிவு செய்துகொள்ளுங்கள்.

ஒரே கட்சிக்குள் போகிறீர்கள் என்றால் பெரும்பாலானவை ஓடும். அடாப்டரை நிரந்தரமாக மாட்டி வைப்பதைவிட, எலெக்ட்ரீஷியனைக் கொண்டு பிளக்கையே உள்ளூர் பிளக்காக மாற்றிவிடுவது நல்லது. பழுதானால் உதிரிபாகம் கிடைக்குமா, வாரன்டி அங்கே செல்லுமா என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள், வாரன்டி பொதுவாக நாடு தாண்டாது.

டிவி ஓடினாலும் ஆன்டெனா வழியாகச் சேனல் வராமல் போகலாம், அமெரிக்கா, கொரியாவில் ஒரு ஒளிபரப்பு முறை, ஐரோப்பாவில் இன்னொன்று, ஜப்பானில் வேறொன்று. ஹெச்.டி.எம்.ஐ வழியாக எல்லாம் தெரியும். கார்ட்லெஸ் லேண்ட்லைன் போனை மட்டும் விட்டுவிடுங்கள், அமெரிக்காவும் ஐரோப்பாவும் அதற்கு வெவ்வேறு அலைவரிசை ஒதுக்கியிருக்கின்றன, மாற்றிப் பயன்படுத்தினால் சட்டப்படி தவறு.

தூக்கத்தில் மூச்சுத் தடைபடாமல் காற்றைச் செலுத்தும் சிபாப் போன்ற மருத்துவக் கருவி வைத்திருப்பவர்கள் கிளம்புவதற்கு முன்பே லேபிளைப் பார்த்து, மருத்துவரின் கடிதத்தையும் வாங்கிக் கைப்பெட்டியில் வையுங்கள். பவர் பேங்கும் தனியாக எடுத்துப் போகும் லித்தியம் பேட்டரியும் கைப்பெட்டியில்தான் போக வேண்டும், செக்-இன் பெட்டியில் கூடாது. எல்லை 100 வாட்-மணி, அதற்கு மேல் 160 வரை விமான நிறுவனத்தின் அனுமதி வேண்டும். பவர் பேங்கின் மில்லி ஆம்பியர்-மணியை 3.7-ஆல் பெருக்கி 1000-ஆல் வகுத்தால் வாட்-மணி கிடைக்கும், 20,000 என்றால் 74.

திரும்பி வரும்போதும் இதே லேபிளைப் படிக்க வேண்டும். 120 வோல்ட் நாட்டில் ஆசையாக வாங்கிய ஸ்ட்ரெயிட்னரையோ காபி மெஷினையோ 230 நாட்டுக்குக் கொண்டுவருவதுதான் நான் மேலே சொன்ன ஆபத்தான திசை, வாங்குவதற்கு முன்பே கடையில் பெட்டியைத் திருப்பிப் பார்த்துவிடுங்கள்.